கிதாரைக் கீழே வைத்தவரின் முதல் இசைத்தட்டு

(பொம்மையார்பாளையத்தில் இசை ஆர்வலர்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மாலை 5.30 ஆகிவிட்டால் ஒலிப்பதிவை நிறுத்திவிட வேண்டியதுதான். பம்பாய் கோட்டைப் பகுதியில், சர் பிரோஸ்ஷா மேத்தா சாலையில் இருந்த யுனிவர்சல் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் அப்போது எச்.எம்.வி.யின் ஒலிப்பதிவுக்கூடம் இயங்கியது. அதே கட்டடத்தில் வேறு அலுவலகங்களும் இருந்தன. வேலை முடிந்து ஆட்கள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் சத்தம் அப்படியே மைக்கில் ஏறிவிடும். தெருவில் போகும் டாக்சிகளையோ எந்த நேரத்திலும் தடுக்க முடியாது. 1968 ஜனவரியில் அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு, லண்டன் ஆபி ரோடு கூடத்தின் கதவு நினைத்த நேரத்தில் திறக்கும். ஜார்ஜ் ஹாரிசன், பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர். அப்போது அவருக்கு வயது 24. குழுவிலேயே இளையவர்.

அங்கே பதிவான இசையும் லண்டனில் பதிவான இசையும் சேர்ந்து அதே ஆண்டு நவம்பர் 1 அன்று 'வொண்டர்வால் மியூசிக்' என்ற எல்.பி. தட்டாக வந்தது. பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர் தன் பெயரில் தனியாக வெளியிட்ட முதல் ஆல்பம் அது. அவர்கள் புதிதாகத் தொடங்கியிருந்த ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஆல்பமும் அதுவே. 1966இலேயே பால் மெக்கார்ட்னி 'தி ஃபேமிலி வே' படத்துக்கு மெட்டுப் போட்டாரே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தட்டின் மேல் இருந்தது ஜார்ஜ் மார்ட்டின் இசைக்குழுவின் பெயர். இந்த வழக்கைப் பீட்டில்ஸ் பித்தர்களிடமே விட்டுவிடலாம்.

ராக் குழுவின் கிதார்க்காரர் தனியாக ஆல்பம் போடுகிறார் என்றால் ரசிகர் எதிர்பார்ப்பது என்ன? குழுவில் இடம் கிடைக்காத பாட்டுகளை எல்லாம் இங்கே பாடுவார். விரல் தேயத் தேய நீண்ட சோலோ வாசிப்பார். உறையின் மேல் கிதாரும் கையுமாக நிற்பார். இந்தத் தட்டில் மூன்றுமே இல்லை. 19 உருப்படிகளில் ஒன்றில்கூட ஹாரிசன் பாடவில்லை. பாதிக்கு மேல் கிதாருக்கே வேலையில்லை. முன்னட்டையில் அவர் முகம் கிடையாது. எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் என்று உறை சொல்கிறதே தவிர, வாசித்தவர் பட்டியலில் அவரைக் காணோம். தனி ஆல்பத்தில் தனியாளே இல்லாமல் போன கதை இது. இதை ஒரு குறை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஹாரிசன் பின்னால் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் முதல் படி இங்கேதான் போடப்பட்டது என்பதுதான் இந்தப் பேச்சின் வாதம்.

பொம்மையார்பாளையத்தில் நின்று இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தமும் இருக்கிறது. பம்பாய் ஒலிப்பதிவு முடிந்த அடுத்த மாதம் பீட்டில்ஸ் நால்வரும் ரிஷிகேசம் போனார்கள். பிப்ரவரி 25 அன்று ஹாரிசன் தன் 25ஆம் பிறந்தநாளை அங்கே கொண்டாடினார். மூன்றே நாள் கழித்து, 1968 பிப்ரவரி 28 அன்று, இங்கிருந்து மேற்கே மேடேறினால் வரும் செம்மண் வெளியில் 124 நாடுகளின் மண்ணைத் தாமரை வடிவத் தாழியில் கொட்டி ஆரோவில்லைத் தொடங்கினார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மேற்கத்திய இளைஞர்கள் எதையோ தேடி இந்தியாவுக்குக் கிளம்பிய காலம் அது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களைத் தெருவில் பார்த்து வளர்ந்த ஊர் இது.

ஹாரிசன் எப்படி வந்து சேர்ந்தார்? 1965இல் 'ஹெல்ப்!' படத்தின் உணவகக் காட்சிக்காக லண்டன் டுவிக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் இந்திய வாத்தியக்காரர்கள் சிலரை உட்கார வைத்திருந்தார்கள். காட்சி வெறும் கேலிக்கூத்து. இடைவேளையில் ஹாரிசன் அங்கிருந்த சிதாரை எடுத்துத் தடவிப் பார்த்தார். பிறகு லண்டன் கடை ஒன்றில் மலிவான சிதார் ஒன்றை வாங்கி, அதே ஆண்டு 'நார்வீஜியன் வுட்' பாட்டில் வாசித்தார். ராக் பாட்டில் சிதார் கேட்டு உலகம் அசந்துபோனது. சிதார் தெரிந்தவர்கள் அப்படி அசரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1966 ஜூனில் சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கரை லண்டனில் சந்தித்தார். அடுத்த மாதம் டெல்லி வழியாகப் போகும்போது கன்னாட் பிளேசின் ரிக்கி ராம் கடையில் நல்ல சிதார் ஒன்றை வாங்கினார். செப்டம்பரில் மீசை வளர்த்து, வேறு பெயரில் பம்பாய் தாஜ் ஹோட்டலில் அறை எடுத்து, ரவிசங்கரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அடிப்படைப் பயிற்சியில் உடனிருந்தவர் ரவிசங்கரின் மாணவர் ஷம்பு தாஸ். ஆளை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஹோட்டல் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. குருவும் சீடரும் காஷ்மீருக்குப் போய், தால் ஏரியின் படகு வீட்டில் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

குழுவுக்குள் அவர் நிலைமை என்ன என்பதையும் பார்த்துவிட வேண்டும். லெனனும் மெக்கார்ட்னியும் பாட்டு எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஹாரிசனுக்கு ஒரு தட்டில் ஒன்றோ இரண்டோ பாட்டு. 1966இன் 'ரிவால்வர்' தட்டில் மூன்று கிடைத்தது பெரிய விஷயம். 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டுக்கு அவர் எழுதியதில் ஒன்றைத் தள்ளிவிட்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். 'வொண்டர்வால் மியூசிக்' வந்து மூன்றே வாரத்தில் வெளியான பீட்டில்ஸின் வெள்ளை உறைத் தட்டில் 30 பாட்டுகள். அவற்றில் ஹாரிசனுடையவை நான்கு. அதே மாதம் வந்த அவருடைய சொந்தத் தட்டில் 19க்கு 19.

அந்த வாய்ப்பைக் கொடுத்தவர் ஜோ மாசட் என்ற இயக்குநர். 'வொண்டர்வால்' என்ற படம் எடுத்துக்கொண்டிருந்தார். நுண்ணோக்கியே கதியென்று கிடக்கும் ஒரு பேராசிரியர், பக்கத்து வீட்டு மாடல் அழகியைச் சுவரில் உள்ள ஓட்டை வழியே பார்க்கப் பார்க்க, அவருடைய உலகம் கலைந்துபோகிறது. பேராசிரியராக ஜாக் மெக்கவ்ரன், அழகியாக ஜேன் பிர்கின். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பேச்சும் குறைவு. ஆகவே பின்னணி இசைக்கு நிறைய இடம் இருந்தது. சினிமாவுக்கு இசையமைத்த அனுபவம் ஹாரிசனுக்குக் கிடையாது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் அதை அப்படியே படத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று மாசட் வாக்குக் கொடுத்தார். எந்த இயக்குநரும் எந்த இசையமைப்பாளருக்கும் லேசில் கொடுக்காத வாக்கு இது. ஹாரிசன் ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு காட்சி காட்சியாக நேரம் குறித்தார். இந்த இடத்துக்கு இத்தனை வினாடி என்று எழுதிக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்தார். கோடம்பாக்கத்தில் அப்போது அன்றாடம் நடந்துகொண்டிருந்த வேலைதான். லிவர்பூல் கிதார்க்காரருக்கு அது புதுசு.

1967 நவம்பரில் ஆபி ரோட்டில் மேற்கத்தியப் பகுதிகளின் வேலை தொடங்கியது. பியானோவுக்கும் இசைக் கோப்புக்கும் ஜான் பார்ஹம். இவரும் ரவிசங்கரின் மாணவர். அடிப்படை வாத்தியங்களுக்கு ஹாரிசனின் சொந்த ஊரான லிவர்பூலின் ரெமோ ஃபோர் குழு. ஒரு உருப்படிக்கு எரிக் கிளாப்டன் வந்து கிதார் வாசித்தார். ஒப்பந்தக் காரணங்களால் அவருடைய சொந்தப் பெயர் தட்டில் வரவில்லை. ரிங்கோ ஸ்டாரும் டிரம்ஸில் கைகொடுத்தார்.

பிறகுதான் பம்பாய்.

அங்கே காத்திருந்த முதல் சிக்கல் கருவி. ஆபி ரோட்டில் நான்கு தடங்களில் பதிவு செய்து பழகியவருக்கு, பம்பாய்க் கூடத்தில் இருந்தது ஒற்றைத் தட மோனோ இயந்திரம் மட்டுமே. அப்போது இந்தியாவின் கிராமபோன் கம்பெனியை நிர்வகித்தவர் பாஸ்கர் மேனன், திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அவர் கல்கத்தாவிலிருந்து இரண்டு தட ஸ்டீரியோ இயந்திரம் ஒன்றை ரயிலில் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் காலத்து ஸ்டூடியோ டேப் ரிக்கார்டர் என்றால் தூக்க ஆள் வேண்டும். அதை ரயிலேற்றி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுவந்த அந்த ஏற்பாடு இல்லையென்றால், இன்று ஹெட்போனில் கேட்கும்போது ஷெனாய் ஒரு பக்கமும் தபலா மறுபக்கமும் பிரிந்து கேட்காது. இந்த மேனன்தான் பிறகு அமெரிக்காவின் கேபிடல் நிறுவனத்துக்கும், அதன்பின் ஈ.எம்.ஐ.யின் உலக இசைப் பிரிவுக்கும் தலைவரானவர். தான் நடத்திய பங்களாதேஷ் நிதிக் கச்சேரியின் தட்டு தாமதமானபோது 1971 இறுதியில் ஹாரிசன் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பெயர் சொல்லித் திட்டியதும் இதே மேனனைத்தான். உதவியும் சண்டையுமாகப் போன உறவு.

இரண்டே தடம் என்றால் ஒரு கட்டாயம் வந்துவிடுகிறது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது. எந்த வாத்தியம் முன்னால், எது பின்னால், யார் மைக்குக்கு எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும் என்பதை வாசிக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். நம் வானொலி நிலையங்களில் பல்லாண்டுகள் இப்படித்தான் நடந்தது. நம் வித்வான்களுக்கு இது பழகிய பாடு. மாதக்கணக்கில் ஒரே பாட்டைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் ஆளுக்குத்தான் இது பெரிய மாற்றம். அவருக்கு அது பிடித்துப்போனது.

கூடத்தில் கூடியிருந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. சந்தூர் என்ற காஷ்மீர நாட்டார் வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த சிவகுமார் சர்மா. அவருடைய 'கால் ஆஃப் தி வேலி' தட்டு அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. அதில் பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி இசையைக் கிதாரில் வாசித்திருந்தார் என்பது கிதார் ரசிகர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. புல்லாங்குழலுக்கு எஸ்.ஆர். கென்கரே. ஷெனாய்க்கு சரத் குமார், ஹனுமான் ஜாதவ். தபலா தரங்குக்கு ரிஜ்ராம் தேசாத். ஷம்பு தாஸ் உட்படச் சில சிதார் கலைஞர்கள். தட்டில் சரோத் வாசித்தவர் ஆஷிஷ் கான். அலி அக்பர் கானின் மகன், அல்லாவுதீன் கானின் பேரன். தபலாவும் பக்கவாஜும் மகாபுருஷ் மிஸ்ரா.

தார்-ஷெனாய் வாசித்த விநாயக் வோரா பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெயரில் ஷெனாய் இருந்தாலும் அது ஊதும் வாத்தியம் இல்லை. வில் போட்டு வாசிக்கும் எஸ்ராஜில், பழைய கிராமபோனில் இருப்பதுபோல ஓர் உலோகக் குழலைப் பொருத்திவிட்டால் தார்-ஷெனாய். ஒலி மூக்கடைத்து அழுகிற குரல் மாதிரி வரும். ஹாரிசன் அதற்கென்றே ஓர் உருப்படி வைத்து, அதற்கு 'க்ரையிங்' என்று பெயரும் வைத்தார். ஒன்றே கால் நிமிடம்தான் ஓடும்.

[இங்கே 'க்ரையிங்' ஒலிக்கவிடப்பட்டது.]

கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் இது ஹாரிசனுடைய இசைதான். எந்த வாத்தியம் அழும் என்று தெரிந்து, அதை மட்டும் முன்னால் வைத்து, மற்றதை எல்லாம் ஒதுக்கியது அவருடைய காது. 13 ஆண்டுகள் கழித்து, 1981இல், 'சேவ் தி வேர்ல்ட்' என்ற தன் பாட்டின் முடிவில் இதே துண்டை எடுத்து ஒட்டினார். அவருக்கே அது மறக்கவில்லை.

'லவ் சீன்' என்ற உருப்படியில் ஆஷிஷ் கானின் சரோத்தைப் பதிந்து, அதன் மேலேயே அவரை மறுபடி வாசிக்க வைத்தார். ஒரே கலைஞர் தன்னோடு தானே ஜுகல்பந்தி செய்கிறார். இந்துஸ்தானி இசைக்கு வெளியிலிருந்து வந்த ஆள் மட்டுமே கேட்கக்கூடிய காரியம் அது. ஸ்டூடியோவை ஒரு வாத்தியமாக நினைக்கும் பழக்கத்தை ஹாரிசன் கொண்டுவந்தார். ராகத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கை அவர்கள் கொண்டுவந்தார்கள்.

'கத் கிர்வாணி' தென்னாட்டுக் காதுகளுக்கு இன்னும் நெருக்கமானது. கிர்வாணி என்று வடக்கே சொல்வது நம் கீரவாணியைத்தான், 21ஆவது மேளகர்த்தா. தியாகராஜர் 'கலிகியுண்டே' பாடிய ராகம். இருபதாம் நூற்றாண்டில்தான் அது வடக்கே போய், ரவிசங்கர், அலி அக்பர் கான் போன்றோரால் வாத்தியக் கச்சேரிகளில் புழங்கத் தொடங்கியது. மேற்கத்திய இசையில் இதே ஸ்வர வரிசைக்கு ஹார்மோனிக் மைனர் என்று பெயர். கிதார் பழகுகிற எந்தப் பையனும் முதல் ஓரிரு ஆண்டுக்குள் அதை வாசித்திருப்பான். தமிழ்ச் சினிமா கேட்பவர்கள் 'ராஜராஜ சோழன் நான்' பாட்டை நினைத்துக்கொண்டால் போதும். ஆக, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய ராகம் வடக்கே போய், பம்பாயில் ஒரு லிவர்பூல்காரர் தட்டில் ஏறி, லண்டனில் விற்பனைக்கு வந்தது.

படத்துக்கு வேண்டியது சீக்கிரமே முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை ஹாரிசன் வீணாக்கவில்லை. அதே கலைஞர்களை வைத்து இன்னும் சில இசைப் பகுதிகளைப் பதிவு செய்துகொண்டார். அதில் ஒன்றின் மேல் பிப்ரவரியில் ஆபி ரோட்டில் குரலைச் சேர்த்தார்கள். 'தி இன்னர் லைட்' பிறந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த சமஸ்கிருத அறிஞர் ஹுவான் மாஸ்கரோ சீன ஞானி லாவோ ட்சுவின் நூலிலிருந்து ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டி, இதற்கு இசையமைக்கலாமே என்று எழுதியிருந்தார். அந்தப் பாட்டு 'லேடி மடோனா' சிங்கிளின் மறுபக்கத்தில் 1968 மார்ச்சில் வந்தது. பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் ஹாரிசன் பாட்டு ஏறியது அதுவே முதல் தடவை. அதன் வாத்தியங்கள் எல்லாம் பம்பாயில் பதிவானவை.

இந்த ஊரில் பேசும்போது சிவப்பிரகாச சுவாமிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் வேர் இங்கே இருக்கிறது. அந்த ஆதீனத்தின் சிவஞான பாலைய சுவாமிகளைப் பல பிரபந்தங்களில் பாடிய 17ஆம் நூற்றாண்டுப் புலவர் அவர். உதடு ஒட்டாத, உதடு குவியாத எழுத்துகளை மட்டும் வைத்து அவர் பாடியது 'திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதி'. ப, ம, வ கிடையாது. உகரம், ஒகரம் கிடையாது. கையில் இருக்கிற பெரிய வசதியை வேண்டுமென்றே விலக்கிவிட்டு வேலை செய்தால் மற்ற தசைகள் விழித்துக்கொள்ளும் என்று புலவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஹாரிசன் விலக்கியது கிதாரையும் தன் குரலையும். அவர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரா, படத்தின் தேவை அப்படி அமைந்ததா என்று வாதாடலாம். விளைவு ஒன்றே.

இனிக் குறைகள். மேற்கத்தியப் பகுதிகளில் பாதி அன்றைய நாகரிகத்தின் எதிரொலிதான். ஹார்மோனிகாவோடு வரும் 'கௌபாய் மியூசிக்' எல்லாம் படத்தில் சரி; தட்டில் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஒலிநாடாவை முன்னும் பின்னுமாக ஓட்டி ஒட்டிச் செய்த 'ட்ரீம் சீன்' அப்படியல்ல. பீட்டில்ஸ் தட்டில் லெனன் செய்த 'ரெவல்யூஷன் 9' என்ற பெரிய ஒலிநாடாச் சோதனைக்கு முன்பே ஹாரிசன் செய்த சோதனை அது. பாராட்டு மட்டும் லெனனுக்குப் போய்விட்டது.

அதைவிடப் பெரிய கேள்வி உரிமை பற்றியது. எல்லா உருப்படிகளுக்கும் இசையமைப்பாளர் என்று ஹாரிசன் பெயர் ஒன்றே. 'தபலா அண்ட் பக்கவாஜ்' என்ற உருப்படியில் இரண்டு தாளவாத்தியங்கள் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சொற்கட்டுகளை மகாபுருஷ் மிஸ்ரா பரம்பரையிடமிருந்து பெற்றார், ஹாரிசனிடமிருந்து அல்ல. இதை மழுப்ப வேண்டியதில்லை. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டில் ஹாரிசனின் பாட்டுக்கு வாசித்த லண்டன் இந்தியக் கலைஞர்களின் பெயர் உறையில் இல்லை. யார் யார் என்று ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டு ஆனது. 'வொண்டர்வால் மியூசிக்' உறையிலோ பம்பாய்க் கலைஞர்களின் பெயர்கள் வாத்தியத்தோடு அச்சாகியிருக்கின்றன. எழுத்துப் பிழைகளோடுதான், ஆனால் இருக்கின்றன. அதே காலத்தில் மெட்ராஸில் வெளியான சினிமாப் பாட்டுத் தட்டுகளில் வயலின் யார், தபலா யார் என்று தேடினால் வெறும் கைதான். கிதார் கலைஞராக ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் வாசித்த இளையராஜா, சினிமாவுக்கு வெளியே 1986இல் 'ஹவ் டு நேம் இட்' போட்டபோது வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஊரறியப் பேசப்பட்டது. அதுவும் ஒரு கிதார்க்காரர் கிதாரை ஒதுக்கிவிட்டுப் போட்ட தனித்தட்டுதான் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

உறையைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. ஓவியர் பாப் கில் வரைந்தது. நடுவே நெடிய செங்கல் சுவர். ஒரு பக்கம் தொப்பி போட்ட கனவான், மறுபக்கம் குளிக்கும் பெண்கள். ஹாரிசன் பார்த்துவிட்டு, சுவரில் ஒரு செங்கல்லை எடுத்துவிடச் சொன்னார். அந்த ஆள் பாவம், எட்டிப் பார்க்க ஒரு வழி வேண்டாமா என்பது அவர் நியாயம்.

தட்டு விற்றதா? இங்கிலாந்தில் பட்டியலிலேயே ஏறவில்லை. அமெரிக்காவில் 49ஆம் இடம் வரை போனது. படத்தின் கதி இன்னும் மோசம். 1968 மேயில் கான் விழாவில் திரையிடப்பட்டாலும் பரவலாக வெளியாகவில்லை. 1995இல் ஓயாசிஸ் குழு ஒரு பாட்டுக்கு 'வொண்டர்வால்' என்று பெயர் வைத்தது. தலைப்பு இந்தத் தட்டிலிருந்து எடுத்தது. ஒரு தலைமுறைக்கு இந்தப் பெயர் தெரிந்ததே அதன் பிறகுதான்.

1968 ஜூனில் ரவிசங்கரைப் பற்றிய 'ராகா' ஆவணப்படத்துக்காக ஹாரிசன் கலிபோர்னியா போனார். உன் வேர் எங்கே என்று ரவிசங்கர் கேட்ட கேள்வி அவரைத் தைத்தது. திரும்பும் வழியில் நியூயார்க் ஹோட்டலில் கிதார்க்காரர்களான கிளாப்டனையும் ஜிமி ஹென்றிக்ஸையும் சந்தித்தார். சிறுவயதிலிருந்து சிதார் பழகியவர்களை இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. சிதாரை வைத்துவிட்டுக் கிதாரை மறுபடி எடுத்தார்.

ஆனால் எடுத்த கை பழைய கையாக இல்லை. சிதாரில் ஒரே மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து நாலைந்து ஸ்வரம் வரை ஏறலாம். கிதாரில் அவ்வளவு இழுத்தால் கம்பி அறுந்துபோகும். 1969 இறுதியிலிருந்து ஹாரிசன் ஸ்லைடு கிதாரில் இறங்கினார். விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பியின் மேல் வழுக்கி வாசிக்கும் முறை. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்கள் ஸ்லைடை உறுமவிடுவார்கள். ஹாரிசன் அதைப் பாடவிட்டார். ஸ்வரத்துக்கு மேலிருந்தோ கீழிருந்தோ வந்து சரியான இடத்தில் நிற்கும். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் கோட்டுவாத்தியத்தையோ மன்னார்குடி சாவித்திரி அம்மாளையோ கேட்டுவிட்டு 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டின் கிதாரைக் கேட்டால், ஜாரு என்னும் அந்த வழுக்கல் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் வராது. 1970 நவம்பரில் மூன்று தட்டுகளாக வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில்தான் அந்தப் பாட்டு. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அது முதலிடம் பிடித்தது. அந்த ஆல்பத்தில் நிறைய வாத்தியக்காரர்கள். அத்தனை பேரை ஓர் அறையில் உட்கார வைத்து வேலை வாங்கும் வித்தையை பீட்டில்ஸ் அவருக்குக் கற்றுத்தரவில்லை. 5.30க்குள் முடிக்க வேண்டிய பம்பாய்க் கூடம் கற்றுத்தந்தது.

அதன்பின் தமிழ்ப் பெயர்களும் இந்தக் கதையில் வரத் தொடங்குகின்றன. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பங்களாதேஷ் நிதிக் கச்சேரியில் ரவிசங்கருக்கும் அலி அக்பர் கானுக்கும் தம்புரா போட்டவர் கமலா சக்ரவர்த்தி. அவருடைய அக்கா லட்சுமி சங்கர், பாலசரஸ்வதியின் குருவான கந்தப்ப பிள்ளையிடம் சிறுவயதில் பரதம் பயின்றவர். உடல்நலம் கெட்டதால் ஆட்டத்தை விட்டுப் பாட்டுக்கு வந்தார். 1974இல் ஹாரிசன் தன் டார்க் ஹார்ஸ் நிறுவனத்தின் மூலம் தயாரித்த 'சங்கர் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' தட்டில் பாடியவர் அவரே. அந்த ஆண்டு இறுதியில் ஹாரிசன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது, கூடப்போன இந்திய இசைக்குழுவில் டி.வி. கோபாலகிருஷ்ணனும் எல். சுப்பிரமணியமும் இருந்தார்கள். வழியில் ரவிசங்கருக்கு மாரடைப்பு வந்தது; குழுவை நடத்தும் பொறுப்பை லட்சுமி சங்கர் ஏற்றார். ராக் கேட்க வந்த கூட்டத்தின் முன் இது எளிதாக இருந்திருக்காது.

1996இல் ஹாரிசன் சென்னைக்கே வந்தார். ரவிசங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' தட்டுக்குத் தயாரிப்பாளர் அவர். வேத மந்திரங்களும் சுலோகங்களும் கொண்ட அதன் ஒரு பகுதி இங்கே பதிவானது; மீதி இங்கிலாந்தில் அவர் வீட்டில். அடுத்த ஆண்டு தட்டு வந்தது. 53 வயதில் சென்னை ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் செய்தது, 24 வயதில் பம்பாயில் செய்த அதே வேலைதான்.

இந்திய இசையையும் கிதாரையும் சேர்க்கும் வேலை தென்னாட்டிலும் தொடர்ந்தது. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த பிரசன்னா, கர்நாடக இசையைக் கிதாரிலேயே வாசிப்பவர். ஹென்றிக்ஸை நினைத்து 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷாலேண்ட்' என்ற ஆல்பம் போட்டார். 2010இல் செய்யூர் வட்டாரத்தில், இங்கிருந்து வடக்கே இதே சாலையை ஒட்டி, ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரி அவர் தலைமையில் தொடங்கியது. கொச்சியின் மதர்ஜேன் ராக் குழுவில் கர்நாடக கமகங்களோடு கிதார் வாசித்துப் பெயர் வாங்கிய பைஜு தர்மஜன், தன் தனித் தட்டுக்கு 'தி கிராஸ்ஓவர்' என்று பெயர் வைத்தார். இவர்கள் இருவரும் ஹாரிசனுக்கு நேர் எதிர்: கிதாரை ஒதுக்கவே இல்லை, கிதாருக்குள்ளேயே வீணையைத் தேடினார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. 2014இல் வந்த மறுபதிப்பைத் தேடிப் பிடியுங்கள்; அதில் 'தி இன்னர் லைட்' குரல் சேர்க்காத வாத்திய வடிவத்தில் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு 'கத் கிர்வாணி', 'லவ் சீன்', 'ட்ரீம் சீன்'. 'பார்ட்டி சீகோம்ப்' வரும்போது எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வரலாம், ஒன்றும் குறைந்துவிடாது.